ஸ்ரீராம்புரத்தில் ஆறு கத்தரிக்கோல்கள்

பந்தியில் இடம் பிடிப்பதில் எங்கள் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. துண்டு, கைக்குட்டை, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று கையில் கிடைத்ததை நாற்காலிகளில் போட்டு நான்கு பேருக்கு இடம் பிடித்துவிடுவேன். இந்தத் திறமைதான் ஒரே மாதத்தில் இரண்டாம் முறை என்னைப் பெங்களூருக்கு அனுப்பி வைத்தது.

முதல் முறை போனது மச்சினன் மகள் கல்யாணத்துக்கு. ஸ்ரீராம்புரத்தில் ஒரு மண்டபம். என் மனைவி கற்பகம் தையல்காரி. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவள் கடை. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மணப்பெண்ணின் ரவிக்கை கையில் இறுக்குகிறது என்று ஒரே கலவரம். கற்பகம் எங்கே போனாலும் தன் கத்தரிக்கோலை எடுத்துப்போகிறவள். உட்கார்ந்து பிரித்தாள், துணி விட்டாள், தைத்துக் கொடுத்தாள். பிறகு கத்தரிக்கோலை அதன் துணி உறையில் போட்டு, "பைக்குள்ள வெச்சிருங்க" என்று என்னிடம் நீட்டினாள். நான் பைக்குள் வைக்கவில்லை. அப்போதுதான் காலை டிபனின் இரண்டாம் பந்தி எழுந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் உறையை ஒரு நாற்காலியில் போட்டு அவளுக்கு இடம் பிடித்தேன். அவள் வந்ததும் அதை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தேன். பிறகு கேசரி வந்தது.

உறை அந்தத் திண்டிலேயே தங்கிவிட்டது என்பது திண்டுக்கல் வந்துதான் தெரிந்தது. கற்பகம் திட்டவில்லை. திட்டியிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். கடையில் புதிதாக ஒன்று வாங்கினாள், கட்டைவிரல் வீங்கியது. பக்கத்துக் கடைக்காரரிடம் இரவல் வாங்கினாள். ஒரு பட்டுத்துணி கோணலாகப் போனது. பள்ளிக்கூடம் திறக்க இருபது நாள்தான் இருந்தது. முன்னறையில் யூனிஃபார்ம் துணி இடுப்புயரம் கிடந்தது. சாயங்காலங்களில் அவள் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்தக் கத்தரி இல்லாமல் அவளால் வேலை செய்ய முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் இருக்கும் மச்சினன் மண்டபத்துக்குப் போய்க் கேட்டான். வெறுங்கையோடு திரும்பி எனக்கு ஃபோன் செய்தான். "மாமா, அங்க ஸ்டோர்ல ஒரு அம்மா இருக்காங்க. கத்தரிக்கோல் நெறைய இருக்காம். அடையாளம் தெரிஞ்சவங்க வந்தாதான் குடுப்பாங்களாம். எனக்கு என்ன தெரியும்?" என்றான். எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கிளம்பினேன்.

பெங்களூரில் ஸ்ரீராம்புரம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்பதை யாராவது சொல்லியிருக்கலாம். முதல் முறை மச்சினன் வைத்த வேனில் போனவன் நான். இந்த முறை ஃபோனில் பெயரைத் தட்டி, முதலில் வந்ததைத் தொட்டேன். ஆட்டோ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்து, புத்தம்புதிய அடுக்குமாடிகளுக்கு நடுவே என்னை இறக்கியது. மண்டபம் எங்கே என்றேன். ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் இருந்து தமிழுக்கு மாறினார். "நீங்க கேக்கறது பழைய ஸ்ரீராம்புரம் சார். நம்ம ஆளுங்க இருக்கற எடம். நீங்க போட்டது இது." மறுபடி அதே தூரம். திண்டுக்கல்லில் இவ்வளவு நேரம் வண்டியில் உட்கார்ந்தால் மதுரையைத் தாண்டியிருப்பேன்.

பழைய ஸ்ரீராம்புரத்தில் இறங்கியதும் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆட்டோவே திணறும் சந்துகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த வீடுகள், மாடிப்படியில் உட்கார்ந்து தமிழில் வழக்காடும் பெண்கள். ஆனால் கடைக்காரரிடம் திரும்பும்போது அதே பெண்கள் மூச்சு விடாமல் கன்னடத்துக்குப் போய்விடுகிறார்கள். மண்டபத்தில் யாருக்கோ கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஸ்டோர். வாசலில் அண்டாக்களை எண்ணிக்கொண்டு நின்றவர்தான் மச்சினன் சொன்ன அம்மா, பெயர் செல்வி. என் வயதுதான் இருக்கும், ஐம்பதை ஒட்டி. காதில் பென்சில் செருகியிருந்தது.

"இன்னிக்கு ஆகாது சார். கல்யாணம் நடக்கும்போது நோட்டைத் தொறக்க மாட்டேன். நாளைக்கு பதினோரு மணிக்கு வாங்க" என்றார். நான் திரும்பும்போது, "ஊட்டா ஆச்சா? மேல போய் சாப்ட்டுட்டுப் போங்க. யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொன்னார். முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஒப்பட்டு என்கிற போளியும் நெய்யும் பிசிபேளாபாத்தும் சாப்பிட்டேன். சாம்பாரில் வெல்லம் போடுவதை எங்கள் ஊரில் குற்றமாகவே எடுத்துக்கொள்வார்கள். பசித்தவனுக்கு அது தெரியவில்லை. இடம் பிடிக்காமல், நின்று, காலியான நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் பதினோரு மணிக்குச் செல்வி நோட்டைத் திறந்தார்.

கணக்கு எழுதும் நீளமான பேரேடு அது. ஆனால் அதில் செல்வி எழுதியது ஓர் எழுத்துகூடக் கிடையாது. பக்கம் முழுக்கப் பென்சில் படங்கள். மண்டபத்தில் விட்டுப்போன ஒவ்வொரு பொருளும் அதன் அளவிலேயே வரையப்பட்டிருந்தது. முதல் பக்கத்தில் ஒரு சீப்பு. இரண்டு பல் இல்லை. மூன்றாம் பல்லில் ஒரு முடி சுற்றியிருந்தது, அந்த முடியையும் வரைந்திருந்தார். அடுத்து ஒரு குழந்தையின் இடது கால் ஷூ. ஒட்டும் பட்டையில் சிக்கிய நூல் பிசிறு உட்பட. ஒரு தூக்குப்போசியின் மூடி, அதில் புள்ளிபுள்ளியாக வெட்டிய 'ராணி'. ஸ்ரீராம்புரத்தில் எத்தனை ராணியோ, பாவம், மூடி காத்திருந்தது. ஒரு டம்ளரில் போட்டு வைத்த பல்செட். தண்ணீர் எதுவரை இருந்தது என்று ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரே ஒரு கோடுதான். அதற்குக் கீழே ஈரம் தெரிந்தது.

நான் வீடுவீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவன். ஒரு நாளைக்கு நூறு வீட்டுச் சுவரைப் பார்க்கிறேன். ஒரு மீட்டர் பெட்டியைக்கூட எனக்கு இப்படிப் பார்த்ததாக நினைவில்லை.

"ஃபோட்டோ எடுத்தா போதாதா?" என்று கேட்டேன்.

"எடுத்தோம் சார், முன்னாடி. ஆபீஸ்ல வாட்ஸ்அப்ல போட்டாங்க. ஒரு குடைக்கு மூணு பேரு வந்தாங்க. மூணு பேரும் கலர் கரெக்டா சொன்னாங்க. போட்டோலதான் பாத்துட்டாங்களே! பென்சில்ல கலர் இருக்காது. உருவம் நான் காட்டுவேன், எதுன்னு நீங்க காட்டணும், கலரும் நீங்கதான் சொல்லணும். அதான் இங்க ரூல்."

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"யாரு கத்துக்குடுப்பா? பாத்திரம் கழுவ வந்தவ நான். தப்பா வரைஞ்சா பொருள் தப்பான ஆளுகிட்ட போயிடும் சார். அந்த பயம்தான்."

பிறகு கத்தரிக்கோல் பக்கத்தைத் திருப்பினார். ஆறு இருந்தன. மேடைக்குப் பூ அலங்காரம் செய்ய வருகிறவர்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒன்றை விட்டுவிட்டுப் போவார்களாம். ஆறும் திறந்த வாயோடு வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் நுனி உடைந்திருந்தது. ஒன்றின் ஆணியில் துரு. ஒன்றுக்கு வளையத்தில் துணி சுற்றியிருந்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. எல்லாவற்றையும் பார்த்தேன். உறையைச் செல்வி வரையவில்லை, அது என்ன நிறம் என்பதும் எனக்கு நினைவில்லை. எதுவுமே எனக்குத் தெரிந்ததாக இல்லை. எல்லாமே தெரிந்த மாதிரியும் இருந்தது.

தையல்காரி கத்தரி என்றால் பெரியதாகத்தானே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். இருப்பதிலேயே நீளமானதைத் தொட்டேன். "கறுப்புப் பிடி" என்றேன்.

செல்வி நோட்டை மூடினார். "அது பூக்காரரோடது சார். வாழைமட்டை வெட்டறது."

"நான் நிஜமாவே..."

"நீங்க நிஜம்தான் சார், மூஞ்சப் பாத்தா தெரியுது. ஆனா ஒரு தரம் தப்பாச்சுன்னா அன்னிக்கு அவ்ளோதான். நாளைக்கு வாங்க. நாளைக்கும் தப்புன்னா வீட்டம்மாவையே வரச் சொல்லிடுங்க."

வெளியே வந்து ஃபோனில் தேடினேன். ஆயிரக்கணக்கில் படங்கள். கற்பகத்தின் சித்தி பெண் வீட்டு நாய்க்குக்கூட ஏழு படம் இருந்தது. கத்தரிக்கோல் இல்லை. கற்பகத்தைக் கூப்பிட்டேன்.

"இங்க ஆறு இருக்கு. உன்னோடது எப்படி இருக்கும்?"

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"இருபத்திரெண்டு வருஷமா அதுக்கு எதுத்தாப்ல உக்காந்துதானே காப்பி குடிக்கிறீங்க?"

நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"தெரியலைன்னா விட்டுட்டு வாங்க" என்றாள். குரல் கோபமாக இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஃபோனை வைத்துவிட்டாள்.

பசித்தது, சாப்பிடப் பிடிக்கவில்லை. முனையில் நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல் ஒன்று. காப்பிக்குச் சீட்டு வாங்க நின்றபோது, முன்னால் நின்ற ஆபீஸ்காரர் திரும்பி, "பை டூ?" என்றார். புரியாமல் தலையாட்டிவிட்டேன். ஒரு காப்பியை இரண்டாகப் பிரித்து ஒரு டம்ளரை என் கையில் கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே காப்பியைப் பங்கு போட்டுக் குடிக்க எங்கள் ஊரில் முடியாது, சொந்தக்காரர்களோடே முடியாது. அவர் தன் நண்பரிடம் கன்னடத்தில், "வீட்டில் குழாய் ஒழுகுகிறது, மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த அளவு புரிந்தது. நான் டம்ளரைப் பார்த்தேன். விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கி, நிமிர்த்தப்பட்டிருந்தது. நசுக்கியது யாரோ, நிமிர்த்தியது யாரோ. காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜை துடைக்க வந்த பெண் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

மூன்றாம் நாள் எட்டு மணிக்கே போய்விட்டேன். பொம்மனஹள்ளியில் இருந்து மெட்ரோ. அவசரத்தில் எதிர்ப்பக்க ரயிலில் ஏறி, இரண்டு நிலையம் போய்த் திரும்பியும் எட்டு மணி. செல்வி சிரித்தார். "அவசரப்பட்டா கண்ணு தெரியாது சார். உக்காருங்க. நோட்டு முழுக்கப் பாருங்க. கடைசியா கத்தரிக்குப் போங்க." ஒரு பையனை அனுப்பி இஞ்சி டீ வாங்கிவரச் சொன்னார். நான் முதல் பக்கத்தில் இருந்து ஆரம்பித்தேன்.

ஒரு சாவியில் முறுக்கிய நூல். நூலின் முறுக்கு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரிந்தது. ஒரு காது கேட்கும் கருவி, அதன் பக்கத்தில் அதைச் சுற்றி வைத்திருந்த வெற்றிலை. ஒரு கைக்குட்டை, நான்காக மடித்தது. மடிப்பின் ஓரத்தில் மட்டும் அழுக்கு. படங்களுக்கு இடையே தாள் அங்கங்கே வெளுத்து, மெலிந்து போயிருந்தது. அந்த இடங்களின் மேலும் புதுப் படங்கள் இருந்தன. ஏன் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு வளையலைப் பார்க்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கவனித்தேன். சாதாரண கண்ணாடி வளையல், சந்தையில் கட்டுக்கட்டாகத் தொங்குவது. இதை ஒருவர் உட்கார்ந்து, இது மட்டும்தான் உலகத்தில் இருக்கிற வளையல் என்பது போலப் பார்த்திருக்கிறார். கோவிலில்கூட எனக்கு இப்படிச் சிலிர்த்ததில்லை. மிகையில்லை, சிலிர்த்தது.

பத்து மணி வாக்கில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தார். ஷூ என்றார். செல்வி பக்கத்தைக் காட்டினார். "இதான்க்கா. செகப்பு. உள்ள மஞ்சள்." செல்வி உள்ளே போய் ஷூவைக் கொண்டுவந்தார். சிவப்பு, உள்ளே மஞ்சள். பிறகு ஒரு ரப்பரை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவர் குழந்தையை இறக்கிவிட்டு, நோட்டின் மேல் குனிந்து, படத்தை அழித்தார். பட்டை, நூல் பிசிறு, தையல் எல்லாம் போய்விட்டன. நான் "ஐயோ" என்று எழுந்துவிட்டேன்.

அந்தப் பெண் போனதும் செல்வி சொன்னார்: "கையெழுத்துப் போடச் சொன்னா யாரும் பாக்கறதில்ல சார், கிறுக்கிட்டுப் போயிடுவாங்க. அழிக்கச் சொன்னா ஒரு தரமாச்சும் பாக்கறாங்க. எடுத்துட்டுப் போறவங்கதான் அழிக்கணும். பொருளு போயிடுச்சு, படம் எதுக்கு?"

"இவ்வளவு அழகா வரைஞ்சிட்டு..."

"அழிச்ச எடத்துலதான் அடுத்தது வரைவேன். நோட்டு ஒண்ணுதானே?"

அவருக்கு அது பெரிய விஷயமே இல்லை. எனக்கு அப்படியில்லை. கற்பகத்தின் கத்தரியைக் கண்டுபிடித்தால் அதன் படத்தை நானே அழிக்க வேண்டும்.

கத்தரிக்கோல் பக்கத்துக்கு வந்தேன். இந்த முறை எது பெரியது எது சிறியது என்று பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு கை பிடித்திருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். நான்காவது படம். கட்டைவிரல் வளையத்தில் துணி சுற்றி, நூலால் தைத்து முடிச்சிட்டிருந்தது. சுற்று தடிமனாக இருந்தது. துணி கட்டம் போட்ட துணி: இரண்டு மெல்லிய கோடு, ஒரு பட்டைக் கோடு. முடிச்சின் தையலைப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்று ஏறிய சின்னச் சின்னத் தையல். எங்கள் வீட்டுத் தலையணை உறை, திரைச்சீலை, என் லுங்கி ஓரம் எல்லாவற்றிலும் முடிகிற இடத்தில் அதே தையல்தான். பிறகு அந்தக் கட்டம். இரண்டு மெல்லியது, ஒரு பட்டை. எனக்கு அப்படி ஒரு சட்டை இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்துவிட்டது.

"இதுதான்" என்றேன். "துணி நீலம். வெள்ளைக் கட்டம். என் சட்டைத் துணி."

செல்வி உள்ளே போய் வந்தார். துணி உறையில் இருந்து கத்தரி வெளியே வந்தது. நீலம், வெள்ளைக் கட்டம். "கரெக்ட் சார்" என்று ரப்பரை நீட்டினார்.

நுனியில் இருந்து ஆரம்பித்தேன். அழிப்பதற்கு ஒவ்வொரு கோட்டையும் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு அலகும் சேரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது, அப்போதுதான் கண்டேன். விரல்கள் நுழையும் பெரிய வளையத்தில் பூச்சு தேய்ந்து இரும்பு தெரிந்தது. அதையும் செல்வி விட்டுவைக்கவில்லை. துணிச் சுற்றை மட்டும் கடைசியில் விட்டேன். "இது இருந்துட்டுப் போகட்டுமே" என்று கேட்டேன்.

"முழுசா அழிங்க சார். மிச்சம் வெச்சா, இன்னும் யாரோ வரணும்னு அர்த்தம்."

அழித்தேன். ஊதினேன். தாளில் ஒரு பள்ளமான சாயல் மட்டும் இருந்தது. நான் வாசலில் திரும்பிப் பார்த்தபோது செல்வி, பாக்குப் பொட்டலம் போல ஏதோ ஒன்றை மேஜையில் வைத்து, பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை திண்டுக்கல். முன்னறையில் யூனிஃபார்ம் துணி குறையாமல் கிடந்தது. கற்பகம் உறையைப் பிரித்தாள். கட்டைவிரலை வளையத்துக்குள் விட்டாள். ஒரு துண்டுத் துணியை எடுத்து, பாதி தூரம் வெட்டி, நிறுத்தினாள். மூன்று வாரமாக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தது. நான் அதைப் பார்த்தேன், கவனித்துப் பார்த்தேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "துணியை வெச்சுத்தான். என் சட்டையாச்சே."

கற்பகம் வளையத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இது எதுத்த வீட்டு வாத்தியாருக்குச் சட்டை தெச்ச மிச்சங்க. போன வருஷம் சுத்துனது. உங்க நீலச் சட்டைதான் அலமாரி தொடைக்கக் கெடக்குதே, பாத்ததில்லையா?"

நான் போய்ப் பார்த்தேன். கிடந்தது. அதில் கட்டமே இல்லை, கோடு.

திரும்பி வந்தபோது அவள் தையலைப் பிரித்துத் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் சட்டை வந்தது. அதற்குக் கீழே பச்சை. அதற்குக் கீழே யாருடையதோ பூப்போட்டது. தேய்ந்தால் பிரிக்காமல் மேலேயே அடுத்ததைச் சுற்றுவாளாம். கடைசியில் இரும்போடு ஒட்டிக்கொண்டு, விரல் அழுக்கும் எண்ணெயும் ஏறிய ஒரு காப்பிக் கலர்ப் பட்டை.

"இது உங்களோடது" என்றாள். "கல்யாணமாகி மொத மாசம். கடை போட்டப்ப சுத்துனது."

குனிந்து பார்த்தேன். அப்படி ஒரு சட்டையைப் போட்டதாகவே எனக்கு நினைவில்லை.

"நல்லாப் பாத்துக்கங்க" என்றாள் கற்பகம், ஊசியில் நூல் கோத்தபடி. "மறுபடி சுத்தப் போறேன்."